பர்னபாஸ் தூக்கிய எடை

பர்னபாஸை நான் ஒரு தடவை அறைந்திருக்கிறேன். நாற்பது வயது மனுஷரை, நாலு பேர் பார்க்க, கன்னம் பழுக்க. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நர்ஸ் வேலை. ஹில்டா சிஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அது பொய்யும் இல்லை. அந்த அறைக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அதற்கு முந்தி ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே, அதற்காகத்தான் இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சு வேகிறது.

கீழவைப்பாரில் போய் பர்னபாஸ் என்று சொன்னால், "எந்தப் பர்னபாஸ், தங்கச்சி மாப்பிள்ளையப் படுக்க வச்சவனா?" என்று கேட்பார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே கேட்டார்கள். பாதிச் சோற்றில் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். இந்த வாய்களுக்கு நடந்தது என்ன தெரியும்? பக்கத்தில் இருந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

பர்னபாஸின் அப்பா கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன தோணியோடு போனவர், திரும்பவில்லை. அம்மா அடுத்த வருஷமே வாந்திபேதியில் போய்விட்டாள். மிஞ்சியது பதினாறு வயது பர்னபாஸும் எட்டு வயது பிலோமியும். தங்கச்சிக்குத் தலை பின்னிவிடக்கூட அவர்தான் படித்துக்கொண்டார். சங்கு குளிக்கப் போனார். நல்ல மூச்சுக்காரர். இருபத்தைந்து வயதில் ஒரு காது உடைந்து ரத்தம் வந்தது. அதோடு முங்குவது நின்றது. தனக்கென்று ஒரு கல்யாணம் அவர் யோசிக்கவே இல்லை. பிலோமியை, அந்தக் கரையிலேயே மூச்சில் முதல் ஆள் என்று பெயர் வாங்கிய மனுவேலுக்குக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து மனுவேலுக்குக் கயிறு பிடித்தார்.

சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். சொந்த அண்ணன் தம்பியை நம்பினாலும் கயிற்றை அவன் கையில் கொடுக்கமாட்டார்கள். மச்சினன் கைதான் பதறும், கீழே கிடப்பது தன் தங்கச்சி தாலியாயிற்றே. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்று மற்ற ஊரில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. முங்குகிறவன் இடுப்பில் கயிறு, காலடியில் கல். கல் அவனை எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மூச்சு முட்டியதும் கயிற்றை வெடுக்கென்று வெட்டி இழுப்பான். அந்த இழுப்பு வந்தால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, இப்போதுதானே போனான் என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் ஆள் போச்சு. பதினோரு வருஷத்தில் ஒரு இழுப்பைக்கூட பர்னபாஸ் தவற விட்டதில்லை.

1973, தவக்காலத்தின் இரண்டாம் வாரம், சனிக்கிழமை. வள்ளம் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு எதிலோ மாட்டிக்கொண்டது. எடுத்துவிடுகிறேன் என்று மனுவேல் தலைகீழாகப் பாய்ந்தான். தினமும் பாய்கிற இடம்தான். ஆனால் அந்த வாரம் அடித்த கடலில் மணல் இடம் மாறி மேடு தட்டியிருந்தது. எட்டுப் பாகத்துக்குப் போய் வருகிறவன், இடுப்பளவுத் தண்ணீரில் தலை குத்திக் கழுத்தை முறித்துக்கொண்டான். சேசுவே, இதை என்னவென்று சொல்ல?

மற்றவர்கள் அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். "கழுத்துல தொடாதிய!" என்று அவன் கத்தியிருக்கிறான். பர்னபாஸ் எல்லாரையும் விலக்கிவிட்டு, வள்ளத்தின் பலகை ஒன்றைப் பெயர்த்து, தண்ணீருக்குள்ளேயே அவனுக்கு அடியில் கொடுத்து, பலகையோடு சேர்த்துக் கட்டினார். சங்குப் பை இரண்டில் ஈர மணலை நிரப்பித் தலைக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்தார். அப்படியே ஓர் உப்பு லாரியில் ஏற்றி, லாரிக்காரனை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்ட வைத்து, தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தார்.

நான் வேலை பார்த்தது அப்போது அங்கே இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. இன்றைக்கு அது இல்லை, பெயரும் வேண்டாம். எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், டாக்டர் ஆவுடையப்பன். மெட்ராசில் முதுகெலும்பு ஆபரேஷன் படித்துவிட்டு, அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். பலகைக் கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாருய்யா இந்தக் கட்டு போட்டது?"

"நாந்தான்யா," என்றார் பர்னபாஸ்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலய்யா. தொடாதன்னு சத்தம் போட்டான். தொடாம எப்படித் தூக்குததுன்னு பாத்தேன்."

டாக்டர் மனுவேலின் கால் விரலைத் தொட்டு, அசைக்கச் சொன்னார். பெருவிரல் அசைந்தது. கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது. "இந்த உசிரு மிச்சம் இருக்குன்னா அது உன்னாலதான்," என்று பர்னபாஸின் தோளில் தட்டினார். அந்த மனுஷருக்கு முகமெல்லாம் பல். டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான்கூடக் கேலி செய்தேன், "அண்ணாச்சிக்கு இனி கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு ஒண்ணுதான் பாக்கி" என்று.

எக்ஸ்ரே படத்தில் கழுத்தெலும்பு ஒன்று மற்றதன் மேல் வழுக்கி ஏறியிருந்தது. உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டு நசுங்கியிருந்தது, அறுபடவில்லை. டாக்டர் மனுவேலின் மண்டையில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, இடுக்கி மாட்டி, அதில் கயிறு கட்டி, கட்டில் தலைமாட்டில் கப்பி வைத்து, கயிற்றின் நுனியில் இரும்பு எடை தொங்கவிட்டார். முதலில் பத்து ராத்தல், பிறகு பதினைந்து, திங்கள்கிழமை முப்பது. இழுக்க இழுக்க எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும். திரும்பியதும் பின்கழுத்தைத் திறந்து, மறுபடி நழுவாதபடி கம்பி போட்டுக் கட்டுவதுதான் ஆபரேஷன். மண்டையில் துளை போட்டதைப் பார்த்து பிலோமி மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு வார்டுக்குள் வரவே பயந்து, வெளி வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

இழுவையில் கிடக்கிறவர் பக்கத்தில் சொந்தக்காரர்களை விடக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மீறியது நான். வார்டில் இருபத்திரண்டு பேர், பார்க்க நானும் முப்பிடாதி ஆயாவும். பர்னபாஸ் எங்கள் கரைக்காரர், மேலும் டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கியவர். இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மனுவேலைக் கழுத்து திரும்பாமல் உருட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் வந்தால் ஆள் அதிலேயே போய்விடும். அதற்குத் தோள் கொடுக்கவும் பர்னபாஸ் பழகிக்கொண்டார். எடையைக் காட்டி, "அண்ணாச்சி, இதைத் தொடப்பிடாது, கேட்டியளா?" என்றேன். "தொடல சிஸ்டர்" என்றார்.

ஏன் தொடக் கூடாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. இந்த எடைதான் எலும்பை நேராகப் பிடித்துவைத்திருக்கிறது, இதை எடுத்தால் எலும்பு நழுவி நரம்பை நறுக்கிவிடும் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பல் விளக்குகிற நேரம்கூட ஆகாது. சொன்னால் புரியாது என்று நினைத்தேனோ, சொல்லத் தோன்றவே இல்லையோ. படித்த திமிர், வேறென்ன!

செவ்வாய்க்கிழமை காலைப் படத்தில் எலும்பு நேராக வந்திருந்தது. மனுவேல் இரண்டு காலின் விரல்களையும் அசைத்தான். இடது கை விரல்களை மடக்கினான். "எழுந்து நடப்பாரா?" என்று கேட்ட பிலோமியிடம், வாக்குக் கொடுத்தே பழக்கமில்லாத டாக்டர், "நடக்க வாய்ப்பு இருக்கும்மா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபரேஷன். அதுவரைக்கும் இந்த எலும்பு இப்படியே இருக்கணும்," என்றார். பிலோமி ஓடிப் போய் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பாவிகள்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் சாப்பிடப் போனேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததை பர்னபாஸ் பிறகு சொன்னபடி சொல்கிறேன்.

மனுவேலுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. ஊசி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். "தலையப் பிச்சு எடுக்காவ மச்சான், மூச்சு முட்டுது" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். பர்னபாஸ் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, அவனது இடது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். எதிரே கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் எடை, மறு நுனியில் மாப்பிள்ளை. அப்போது மனுவேலின் விரல்கள் அவருடைய சுண்டுவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்தன. வெட்டி ஓர் இழுப்பு. உடனே இன்னொன்று.

"யோசிக்கல சிஸ்டர். இழுப்பு வந்துச்சு, கை போயிட்டு," என்றார் பிறகு.

எழுந்து எடையைத் தூக்கிவிட்டார். கயிறு தொய்ந்தது. மனுவேலின் முகம் தளர்ந்து, "அப்பாடா, மச்சான்" என்று நீளமாக மூச்சு விட்டானாம். நாலு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் நிம்மதியைப் பார்த்திருக்கிறார். எப்படித் திரும்ப வைக்க மனசு வரும்? முப்பது ராத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து, பழையபடி தொங்கவிடப் போக, வியர்த்த கையிலிருந்து எடை வழுக்கி, ஒரு முழம் இறங்கி, கயிறு சடக்கென்று இழுத்து நின்றது. மனுவேல் ஒரு சத்தம் போட்டான். பிறகு சத்தமே இல்லை.

நான் உள்ளே வந்தபோது எல்லாம் அதது இடத்தில் இருந்தது. "எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"தூங்குதான் சிஸ்டர்."

ஒன்றரை மணிக்குப் பார்த்தேன். கால் விரலை அசைக்கச் சொன்னேன். அசையவில்லை. ஊசியால் தொட்டேன். தெரியவில்லை. கை விரலும் இல்லை. மனுவேல் என்னையே பார்த்தான். "சிஸ்டர், என் காலு எங்க இருக்கு?" என்றான். அந்தக் கேள்வியை நான் எந்தக் கல்லறைக்கும் கொண்டு போய்ப் புதைக்க முடியாது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டர் வந்தார், எல்லாவற்றையும் சோதித்தார், எடையைப் பார்த்தார். "இதை யாராவது தொட்டாங்களா?" என்று பர்னபாஸிடம் கேட்டார்.

"இல்லய்யா," என்றார் பர்னபாஸ்.

படம் எடுக்கச் சொன்னார். எடை திரும்ப ஏறிவிட்டதால் படத்தில் எலும்பு காலையில் இருந்த மாதிரியே நேராக இருந்தது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வராந்தாவில் பிலோமியிடம் சொன்னார்: "எலும்பு நகரலம்மா. அப்போ உள்ள நரம்புதான் வீங்கியிருக்கணும். வீங்கின நேரத்துல கத்தி வச்சா மூச்சு நின்னுரும். மருந்து போட்டிருக்கேன். இப்போ ஒண்ணும் செய்ய முடியாது. ஏன் இப்படி ஆச்சுன்னே எனக்குப் புரியல."

பிலோமிக்குப் பக்கத்தில் நின்று பர்னபாஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, காலைல ஆட்டுனாரே, நீயும் பாத்தியே" என்று அழுதாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டார். கேட்டில் போய் நின்றார். திரும்பி வந்தார். கோயிலுக்குள் போனார், வந்தார். கிணற்றடியில் முகம் கழுவினார், திரும்பவும் கழுவினார். பேயறைந்த முகம். பாவம், மனசு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லி முப்பிடாதியிடம் காசுகூடக் கொடுத்தேன்.

நாலரை மணிக்கு நான் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பர்னபாஸ் வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், அந்த எடைய நாந்தான் தூக்குனேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. இழுப்பு, மடியில் கால் மணி நேரம், கை வழுக்கியது. கேட்டு முடித்ததும் அறைந்தேன். "ஏலே பாவி! மூணு மணி நேரம்! மூணு மணி நேரம் வாயில என்னத்த வச்சிருந்த? டாக்டரு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொன்னியே, கூறுகெட்ட மனுசா!" என்று நான் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. வராந்தாவில் பிலோமிக்கும் கேட்டது. அவர் தன் வாயால் தங்கச்சியிடம் சொல்லியிருக்க வேண்டியதை, நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். பிறகு டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அப்படியே எழுந்துவிட்டார். "எடுத்தப்போ எலும்பு நழுவியிருக்கு. விழுந்த வேகத்துல திரும்ப ஏறியிருக்கு. ஏறுறப்போ ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற வட்டு கிழிஞ்சு உள்ள போயிருக்கும். அதுதான் அமுக்குது. இது வீக்கம் இல்ல. தியேட்டரைத் தயார் பண்ணு," என்றார். படத்தில் எலும்பு மட்டும்தான் தெரியும், வட்டு தெரியாது. மத்தியானமே தெரிந்திருந்தால் மத்தியானமே திறந்திருப்பார்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். இடுக்கியோடும் இழுவையோடும் அவனைக் குப்புறப் படுக்க வைக்கவே ஆறு பேர் வேண்டியிருந்தது. பின்கழுத்தை நடுவாகக் கீறி, சதையை இரண்டு பக்கமும் ஒதுக்கி, எலும்பின் மேல்மூடியைக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தார் டாக்டர். கீழே நரம்புத் தண்டு. வெள்ளையாக இருக்க வேண்டியது, நீலம் பாய்ந்து உப்பியிருந்தது. அதற்கு அடியிலிருந்து, மூச்சு விடக்கூடப் பயந்து, ஒரு துண்டை எடுத்தார். நகத்தளவு வட்டுத் துண்டு. கிண்ணத்தில் போட்டார். அவ்வளவுதான், அந்த நகத்தளவுதான் ஒரு மனுஷனைப் படுக்க வைத்தது. பிறகு எலும்புகளைக் கம்பியால் கட்டி, இடுப்பெலும்பில் ஒரு சீவல் எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்தார்.

மறுநாள் காலை கால் விரல் அசையவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இடது முழங்கை மட்டும் மடங்கியது. மூச்சு இருந்தது, பேச்சு இருந்தது, நினைவு முழுசாக இருந்தது. அந்த நினைவு இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று நான் மாதாவிடம் கேட்டேன்.

பர்னபாஸ் டாக்டரை வராந்தாவில் மறித்துக் கேட்டார்: "அய்யா, நான் அப்பவே சொல்லியிருந்தா அவன் நடந்திருப்பானா?"

"தெரியாது," என்றார் டாக்டர்.

"ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. ஆமான்னு சொன்னாலும் சரி."

"தெரியலய்யா. எலும்ப வைக்க எனக்குத் தெரியும். துண்டை எடுக்கத் தெரியும். நசுங்கின நரம்பு எப்போ செத்துச்சுன்னு பாக்கத் தெரியாது. சொன்னேன்னா பொய் சொல்லுதேன்னு அர்த்தம்."

பர்னபாஸ் அவர் காலில் விழப் போனார். டாக்டர் விலகிப் போய்விட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தொலைத்திருந்தால் அந்த மனுஷருக்கு அழவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

பிலோமி அண்ணனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். தனக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவரோடு ஒரு வார்த்தை இல்லை. அவர் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பாள். நாலாம் நாள், நான் மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது, மனுவேல் அவளிடம் சொன்னான்: "ஏளா, அவன வெறுக்காத. நாந்தான் இழுத்தேன். இழுத்தாத் தூக்குதது அவன் சோலி."

"தூக்குனது போவட்டும்," என்றாள் பிலோமி. "டாக்டரு கேட்டப்போ இல்லன்னு சொன்னானே, அதுக்கு யாரு இழுத்தா?"

அவள் போனபிறகு நான் அவனிடம் மெல்லக் கேட்டேன், நிஜமாகவே இழுத்தீர்களா என்று. "எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்ல சிஸ்டர். அவன்ட்ட சொல்லிராதிய," என்றான். நரம்புத் தண்டு அடிபட்டவர்களுக்குக் கை தானாக வெட்டி இழுப்பது உண்டு. அதையும் பர்னபாஸிடம் நான் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும் நாள். வாசலில் வாடகை வேன் நின்றது. மனுவேலை ஏற்றியாகிவிட்டது. பர்னபாஸ் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிலோமி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "ஏறச் சொல்லுங்க சிஸ்டர். திருப்பிப் போட ஆளு வேணும்."

அவர் ஏறிக்கொண்டார்.

ஐந்து வருஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். குளிப்பாட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, மலம் எடுப்பது, எல்லாம் அவர்தான். கடலுக்குப் போகவே இல்லை. பகலில் வாசலில் உட்கார்ந்து அண்டை வீட்டாருக்கு வலை பின்னிக் கொடுப்பார். நேரம் ஆனதும் எழுந்து உள்ளே போவார். பிலோமி அவருக்குத் தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் போவாள். வா என்றும் சொல்லமாட்டாள், சாப்பிடு என்றும் சொல்லமாட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மனுவேலைக் காட்டக் கொண்டு வருவார்கள். டாக்டர் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டு அவன் முதுகைக் காட்டுவார். "அஞ்சு வருசமாப் படுக்கையில கெடக்கான். ஒரு புண்ணு காட்டுங்க பாப்போம்," என்பார். மனுவேல் சிரிப்பான். "என் மச்சான் என்னைத் தோச மாதிரி திருப்பிப் போடுதான் டாக்டர், ஒரு பக்கம் கருக விடமாட்டான்." பர்னபாஸ் சிரிக்கமாட்டார்.

எப்போதும் அந்தச் சிரிப்பு இல்லை. ஒரு தடவை பர்னபாஸ் தனியாக வந்து மருந்தறைப் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மனுவேல் ஒரு வாரமாகக் கெஞ்சுகிறானாம்: வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போ, ஆழத்துக்குப் போனதும் தள்ளிவிட்டுரு, ஒரு தடவை எனக்காகத் தூக்கினாய் இல்லையா, இன்னொரு தடவை தூக்கு.

"முடியாதுன்னுட்டேன் சிஸ்டர். அப்போ அவன் என்ன ஏசுனான் பாருங்க, ஏசட்டும். நான் செஞ்சது சரியா சிஸ்டர்?"

தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சரிதான் என்றேன்.

மனுவேல் 1978 ஐப்பசியில் சிறுநீரகம் கெட்டுப் போய் இறந்தான். நான் கீழவைப்பாருக்குப் போயிருந்தேன். பிணத்தைக் குளிப்பாட்டும்போது திருப்பினார்கள். இடுப்பு, குதிகால், தோள்பட்டை, ஓரிடத்திலும் ஒரு தழும்புகூட இல்லை. குளிப்பாட்டிய ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பர்னபாஸ் ஓரமாக நின்றார். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோதுகூட, நேரம் ஆனதும் அவர் எழுந்து உள்ளே போய், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பர்னபாஸ் நின்றார். கையில் ஒரு துணி மூட்டை.

"என்ன அண்ணாச்சி இது?"

"பிலோமி எடுத்து வெளிய வச்சிட்டா."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணுமே சொல்லாமலா?"

"சொன்னா சிஸ்டர். அஞ்சரை வருசத்துல எங்கிட்ட முதல் பேச்சு." அவர் மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "முதுகுல ஒரு புண்ணு இல்ல, ஒன் கணக்கு தீந்துட்டு, போயிருன்னா."

நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தால் நான் கத்திவிடுவேன், அது என் பழக்கம். அவர், வேலை கேட்கிறவர்கள் கேட்கிற குரலில் கேட்டார்:

"இங்கன திருப்பிப் போட ஆளு வேணுமா, சிஸ்டர்?"

வேணும் என்றேன். அன்றைக்கு ஆண்கள் வார்டில் அப்படி மூன்று பேர் கிடந்தார்கள்.